பெயர் எழுதிய காசு

நாணயம் என்ற சொல் தமிழில் இரு பொருள் தருவது. கையிலே புழங்கும் காசையும் அது குறிக்கும். சொன்ன சொல் தவறாத மனிதனின் நேர்மையையும் அது குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியமை தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அதில் ஓர் உண்மை உண்டு. காசு என்பது மனிதர் தமக்குள் கொண்ட நம்பிக்கையின் மேல் நிற்கும் சமுதாய ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் தன்மை மாறும்போது, மனிதரிடையேயுள்ள உறவும், ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலுள்ள உறவும் உடன் மாறுகின்றன. வரலாறு கற்போர் இதனை நன்கறிவர்.

அத்தகைய மாற்றம் ஒன்று இன்று உலகெங்கும் தொடங்கியுள்ளது. உலோகமாகவும் தாளாகவும் இருந்த காசைக் கணினிப் பதிவாக்கி, மத்திய வங்கியே தன் பொறுப்பில் மக்களுக்கு வழங்கும் திட்டங்கள் பல நாடுகளிற் பரீட்சிக்கப்படுகின்றன. 'மத்திய வங்கி டிஜிட்டல் நாணயம்' என்பது அதன் பெயர். பஹாமாஸ் தீவுகள் 2020 ஒக்டோபரிலும், நைஜீரியா 2021 ஒக்டோபரிலும் அதனை வெளியிட்டன. இந்திய ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 முதல் சில்லறைப் பாவனைக்கான டிஜிட்டல் ரூபாயைப் பரீட்சித்து வருகிறது. சீனா அதற்கு முன்னரே தன் நகரங்களில் இம்முயற்சியைத் தொடங்கிவிட்டது. இலங்கை மத்திய வங்கி இத்தகைய நாணயத்தை இன்னும் பொதுமக்கள் கையிற் கொடுக்கவில்லை. கொடுக்கப்படாத இவ்வேளையே அதைப் பற்றிச் சிந்திக்கத் தக்க வேளை என்பது நம் எண்ணம்.

முதலில் இதன் இயல்பை விளங்கிக்கொள்வோம். வெள்ளவத்தைச் சந்தையில் ஒருவர் நூறு ரூபாத் தாளைக் கொடுத்து மரக்கறி வாங்குகிறார். தாள் கை மாறுகிறது. அத்துடன் கொடுக்கல் வாங்கல் முடிந்தது. வாங்கியவர் யார், விற்றவர் யார் என்பது அத்தாளில் எழுதப்படுவதில்லை. வங்கிக் கணக்கின் வழியே பணம் செலுத்தினால் அவ்வங்கியின் ஏட்டில் அது பதிவாகும். டிஜிட்டல் நாணயத்திலோ நாணயமே ஒரு பதிவு. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற விவரம் ஏதோவோர் ஏட்டில் ஏறாமல் ஒரு சதமும் நகர இயலாதவாறு அதனை அமைக்கலாம். அதற்கு மேலும் ஒன்றுண்டு. இன்ன பொருளுக்கு மட்டும் செல்லும், இன்ன ஊரில் மட்டும் செல்லும், இன்ன தேதிக்குப் பின் செல்லாது என்ற விதிகளையும் அந்நாணயத்தினுள் வைக்கலாம்.

இது கற்பனையன்று. 2020 ஒக்டோபரில் சீனாவின் ஷென்சென் நகரில் குலுக்கல் முறையிலே தெரியப்பட்ட 50,000 பேருக்குத் தலா 200 யுவான் டிஜிட்டல் நாணயமாக வழங்கப்பட்டது. அம்மாதம் 18ஆம் தேதிக்குள் செலவிடப்படாத தொகை திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்பது நிபந்தனை. 2024 பெப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கியும் தன் டிஜிட்டல் ரூபாயில் இவ்வாறான நிபந்தனைகளைப் பொதியும் வசதியைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது.

இதனைப் புதுமை என்று வியப்போர் பலர். நம் நாட்டு உழைப்பாளியின் வரலாற்றை அறிந்தவருக்கு இதிற் பழைய வாடை ஒன்று வீசும்.

ஆலை வில்லையும் தோட்டத்துப் பேரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பு காப்பி வணிகத்தின் தலைநகராக விளங்கியது. மலைநாட்டிலிருந்து வந்த காப்பிக் கொட்டையைப் பதப்படுத்தும் ஆலைகள் கொம்பனித்தெருவை அடுத்த வேகந்தையிலும், கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள புதுக்கடையிலும் இயங்கின. அக்கம்பனிகளிற் சில, தம் பெயரைப் பொறித்த உலோக வில்லைகளை வெளியிட்டன. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் வேகந்தை ஆலை 1843ஆம் ஆண்டு பொறித்த வில்லைகளை நாணயம் சேகரிப்போர் இன்று விலைமதிப்புள்ள பொருளாகப் போற்றுகின்றனர். சேகரிப்போருக்கு அது அரும்பொருள். அன்று உழைத்தவருக்கு அது கூலிக் கணக்கு. அரச நாணயம் எந்தக் கடையிலும் செல்லும். கம்பனி வில்லையோ முடிவில் அதனை வெளியிட்ட கம்பனியின் வாசலிலேதான் மதிப்புப் பெறும். காசை வெளியிடுபவனும் வேலை கொடுப்பவனும் ஒருவனேயானால், உழைப்பவன் எங்கே போய் முறையிடுவான்?

மலையகத் தோட்டங்களில் இந்நிலை இன்னும் இறுகியிருந்தது. ஒரு நாட் கூலிக்கு அங்கே 'பேர்' என்றே பெயர். விதித்த அளவு கொழுந்து எடுத்தவளுக்குப் 'பேர்' விழும். குறைந்தால் 'அரைப் பேர்'. கணக்கப்பிள்ளையின் ஏட்டில் பெயர் விழுவதும் கூலி கிடைப்பதும் ஒன்றாகிவிட்டமையை இச்சொல் காட்டுகிறது. தோட்டம் கொடுத்த அரிசியின் விலை அப்பேரிலிருந்து கழிக்கப்பட்டது. கங்காணி கொடுத்த முற்பணம் கடனாக நின்றது. கடன் தீராமல் வேறு தோட்டத்திற்குப் போக இயலாது. கடனைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு துரை மற்றொரு துரைக்கு எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அத்துண்டு முறையை ஒழிக்க 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் வேண்டியிருந்தது.

அத்தொழிலாளர் உழைத்தனர், அவர்களுக்குக் கணக்கும் இருந்தது. இல்லாதிருந்தது கைக்காசு. தன் விருப்பப்படி எங்கும் கொண்டுசென்று எதற்கும் கொடுக்கத்தக்க, யாரும் வினாத் தொடுக்காத காசு கையில் இல்லாதபோது கூலி உழைப்பும் அடிமை உழைப்பின் சாயலைப் பெறுகிறது என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

நிபந்தனை இடப்பட்ட பணம் சுதந்திர இலங்கையிலும் இருந்தது. பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக 1979இல் உணவு முத்திரைகள் வழங்கப்பட்டன. விலைவாசி ஆண்டுதோறும் ஏறியது. முத்திரையில் அச்சிட்ட தொகை ஏறவில்லை. அரிசிப் படியாக இருந்த உரிமை தொகையாக மாறியபோது ஏழையின் உலையில் விழுந்த அளவு குறைந்தது. பணத்தின் மீது விதி எழுதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற வினா வயிற்றுப்பாட்டோடு தொடர்புடையது என்பதற்கு இதுவும் சான்று.

பெயரில்லாக் காசின் பெறுமதி

தாளும் சில்லறையும் சமத்துவத்தைக் கொண்டுவந்தன என்று நாம் சொல்லவில்லை. பணம் படைத்தவன் ஆள, இல்லாதவன் பணியும் சமுதாயத்தில்தான் அவையும் புழங்குகின்றன. எனினும் அவற்றிலே ஒரு சிறு காவல் இருந்தது. ஒரு ரூபாவை நீட்டுபவனிடம் அது மொழியைக் கேட்பதில்லை, அடையாள அட்டையையும் கேட்பதில்லை. கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்புகளிலே பெண்கள் கட்டும் சீட்டுப் பணம், குடிகாரக் கணவன் அறியாமல் முந்தானையில் முடியப்பட்ட காசு, வேலைநிறுத்தம் செய்த தோழனின் வீட்டுக்காகத் தொப்பியிற் சேர்த்த சில்லறை ஆகிய யாவும் இக்காவலுக்குள் அடங்கியவை.

1980 யூலை வேலைநிறுத்தத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஏறத்தாழ 40,000 ஊழியர் அன்று வேலையிழந்தனர். அத்தகைய காலங்களில் தொழிலாளர் குடும்பங்களைத் தாங்குவது தோழமையோடு கொடுக்கப்படும் கைக்காசு. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்ற முழுப் பட்டியலும் அரசின் ஏட்டிலே தானாகவே விழுமாயின், அடுத்த வேலைநிறுத்தத்திற்கு நிதி கொடுக்க எத்தனை கை நீளும்? தடைச்சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. பதிவாகிறது என்ற அச்சமே போதும்.

பட்டியல்கள்

இவ்வச்சம் மிகையானது என்று கூறுவோர் உளர். பதிவு நல்ல நோக்கத்துடன் செய்யப்படுகிறது, தவறு செய்யாதவன் ஏன் அஞ்சவேண்டும் என்பது அவர் வாதம். இவ்வாதத்தைக் கொழும்பிலே, அதுவும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நின்று சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்குவது நன்று.

வாக்காளர் பட்டியலைவிட நல்ல நோக்கமுடைய ஏடு எது? மக்களாட்சியின் அடித்தளமே அது. 1983 யூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடிப் புறப்பட்ட கும்பல்களின் கையில் இருந்தது அந்தப் பட்டியல்தான். வரிசை வரிசையாக நின்ற வீடுகளில் எது தமிழர் வீடு என்பதை அது சொல்லியது. வாக்குரிமைக்காக எழுதப்பட்ட பெயர் தீ வைப்பதற்கான முகவரியாக மாற ஒரே இரவு போதுமாயிருந்தது. பட்டியலை ஆக்கிய எழுதுவினைஞர்கள் தீயோர் அல்லர். ஆக்கியவர் ஒருவர், எடுத்தாண்டவர் வேறொருவர்.

யுத்த காலத்திலே கொழும்புத் தமிழர் தம் வீட்டில் தங்கியிருப்போரின் பெயர்களைப் பொலிசில் பதிய வேண்டியிருந்தது. பாதுகாப்புக்காக என்றனர். 2007 யூன் 7ஆம் தேதி விடியுமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளிற் புகுந்த பொலிசார், அங்கே தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பேருந்துகளில் ஏற்றித் தலைநகரை விட்டு அனுப்பினர். வைத்தியத்திற்கு வந்தோரும், வெளிநாட்டுப் பயண அலுவலாக வந்தோரும், வேலை தேடி வந்தோரும் அவர்களுள் இருந்தனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தை இடைநிறுத்தியது. நீதிமன்றம் தலையிட ஒரு நாளாவது கிடைத்தது. மனிதரைப் பேருந்தில் ஏற்றுவது கண்ணுக்குத் தெரியும் செயல். ஒருவரின் பணப்பையைக் கணினியில் நிறுத்துவது யார் கண்ணுக்குத் தெரியும்?

ஒரு தேவைக்கென எழுந்த விதி மற்றொரு தேவைக்குப் பயன்படுவதை ஆசிரியர்களாகிய நாமும் கண்டோம். 2021 யூலையில், இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர், ஆர்ப்பாட்டம் செய்த பின்னர் நோய்த்தடுப்பு விதிகளின் பேரால் தனிமைப்படுத்தல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கொள்ளைநோயைத் தடுக்க வந்த விதி தொழிற்சங்கத்தைத் தடுக்க எளிதாகக் கைகொடுத்தது.

முடக்கப்பட்ட பணம்

பணத்தை முடக்கும் அதிகாரமும் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1968ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் 2012இல் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. அவற்றின்படி 2014இல் வர்த்தமானியில் வந்த பட்டியல் ஒன்று புலம்பெயர் தமிழர் அமைப்புகள் உட்பட 16 அமைப்புகளையும் 424 தனி மனிதரையும் பெயர் சொல்லிக் குறித்தது. பட்டியலில் ஏறியவரின் நிதியும் சொத்தும் முடக்கத்திற்குரியவை. பெயரை ஏற்றுவதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியதில்லை. அமைச்சின் முடிவு போதும். ஆட்சிகள் மாற, பட்டியலிற் பெயர்கள் நீங்கின. பின்னர் மீண்டும் ஏறின. குற்றம் மாறவில்லை, ஆட்சி மாறியது.

கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் கதை இதன் பொருளை விளக்கும். மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த இவ்விளைஞர் புத்தளத்தில் தமிழ் கற்பித்த ஆசிரியர். அவரது கவிதை நூலைக் காரணங்காட்டி 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் அவரைக் கைதுசெய்தனர். ஓராண்டுக்கு மேல் தடுப்பிலிருந்து 2021 டிசம்பரில் பிணையில் வெளிவந்தார். வழக்கு முடியுமுன்னரே, 2022 ஆகஸ்டில் வந்த பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை நிரபராதியென விடுவித்தது. தண்டனையின் ஒரு பகுதி தீர்ப்புக்கு முன்பே நிறைவேறிவிட்டது. கவிதை எழுதியவரின் சம்பளப் பணம் அரசாங்கத்தின் ஓர் அறிவித்தலுக்குக் கீழ்ப்பட்டது.

இவ்வாறான முடக்கங்கள் இன்று வங்கிகளின் வழியே நடைபெறுகின்றன. அறிவித்தல் வர வேண்டும், வங்கி அதனை ஏற்றுக் கணக்கை நிறுத்த வேண்டும். அப்போதும் அம்மனிதனின் சட்டைப்பையிலுள்ள தாளை யாரும் நிறுத்த இயலாது. அன்று மாலை அவன் பிள்ளைக்குப் பால்மா வாங்கலாம். டிஜிட்டல் நாணயமே ஒரே நாணயமாகும் நாளில் அச்சிறு இடைவெளியும் அடைபடும். நம் நாட்டில் ஐயத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்களை ஆராயும் நிதி உளவறிதற் பிரிவு மத்திய வங்கியினுள்ளேயே இயங்குகிறது என்பதையும் கருத்திற் கொள்க. காசை வெளியிடும் கையும் காசைக் கண்காணிக்கும் கண்ணும் ஒரே கட்டடத்தில் உள்ளன.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய ஆபத்து அன்று. நம்மவர் பல்லாயிரவர் புகலிடமாகக் கொண்ட கனடாவிலே, 2022 பெப்ரவரியில் பாரவூர்திச் சாரதிகளின் மறியலை அடக்க அவசரகாலச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நீதிமன்ற ஆணை இன்றியே நூற்றுக்கணக்கான வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அம்மறியல்காரரின் கொள்கையோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் 2024 சனவரியில் அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம் அச்சட்டத்தைப் பிரயோகித்தமை நியாயமற்றது என்று தீர்த்தபோது, நீதி நம் பக்கமே பேசியது. பிடிக்காதவரின் பணப்பையைப் பூட்டும் சாவி நாளை நமக்கு வேண்டியவரின் பணப்பையையும் பூட்டும்.

உண்டியல்

வெள்ளவத்தையைப் பற்றி எழுதும்போது உண்டியலை விட்டுவிட முடியாது. யுத்த காலத்திலே வடக்கிலும் கிழக்கிலும் வங்கிச் சேவை சீர்குலைந்திருந்தது. லண்டனிலும் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் உழைத்த பிள்ளைகள் அங்கே ஒருவரிடம் பணம் கொடுத்தனர். காலி வீதிக் கடை ஒன்றிலே இங்கிருந்த தாய் அதனை ரூபாவாகப் பெற்றாள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. வாய்ச்சொல்லே பத்திரம். நாணயம் என்ற சொல்லின் இரு பொருளும் அவ்வணிகத்தில் ஒன்றாயின.

அதனை நாம் முழுதாகப் போற்றவில்லை. வரி ஏய்ப்போரும், ஆயுதத்திற்கு நிதி திரட்டியோரும், வற்புறுத்திப் பணம் வாங்கியோரும் இவ்வழியைப் பயன்படுத்தினர். ஆயினும் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது என்பதும் உண்மை. 2021, 2022ஆம் ஆண்டுகளில் நாணய மாற்று விகிதத்தை அரசு செயற்கையாகப் பிடித்து வைத்தபோது, சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி வெளிநாட்டு உழைப்பாளர் பலர் உண்டியலை நாடினர். வங்கி வழியே வந்த பணம் 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்தது. 2022இல் அது ஏறத்தாழ 379 கோடியாக வீழ்ந்தது. தவறான கொள்கைக்கு மக்கள் காலால் அளித்த வாக்கு அது. மாற்று வழி எதுவும் இல்லாத டிஜிட்டல் நாணய அமைப்பில் இத்தகைய வாக்கும் இல்லை. ஆள்வோரின் பிழையை உழைப்பவன் முழுதாகச் சுமப்பான்.

இடதுசாரியின் வினா

இங்கே நம் வாசகர் ஒருவர் நியாயமான வினா ஒன்றை எழுப்பலாம். 'பணக்காரன் பதுக்கும் பணத்தை அரசு பார்க்கவேண்டும் என்று சொல்பவர்கள் நாம். ரொக்கத்தின் மறைவிற்காக நாம் ஏன் வாதாடவேண்டும்?'

இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் தகாது. லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா நிதியமைச்சராக இருந்தபோது, 1970 ஒக்டோபரில் ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக்கி, பதுக்கிய பணத்தை வெளிக்கொணர முயன்றார். முயற்சியின் நோக்கம் நம் நோக்கமே. எனினும் பெருஞ்செல்வம் தாளாக உறைவது சிறு பகுதியே. இந்தியாவில் 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, புழக்கத்திலிருந்த தாள்களின் பெறுமதியில் ஏறத்தாழ 86 வீதம் செல்லாது என அறிவிக்கப்பட்டது. அவற்றுள் 99.3 வீதம் வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே பின்னர் கூறியது. வலை வீசப்பட்டது திமிங்கிலத்துக்கு. வரிசையில் நின்று தவித்தவன் அன்றாடங்காய்ச்சி. 2023இன் தொடக்கத்தில் நைஜீரியாவிலும் பழைய தாள்களை விலக்கியதால் ரொக்கத் தட்டுப்பாடு உண்டானது. அங்கே டிஜிட்டல் நாணயம் ஏற்கனவே நடைமுறையில் இருந்தும் மக்கள் வீதிக்கு இறங்கினர். பழைய தாள்கள் தொடர்ந்து செல்லும் என உயர் நீதிமன்றம் கட்டளையிட வேண்டியதாயிற்று.

பெருஞ்செல்வர் தம் பணத்தை எங்கே வைக்கின்றனர்? 2021 ஒக்டோபரில் உலகறிந்த பண்டோரா ஆவணங்களில் இலங்கையர் பெயர்களும் இருந்தன. கடல் கடந்த கம்பனிகள், அறக்கட்டளைகள், இறக்குமதி விலைப்பட்டியலில் செய்யும் புரட்டுகள் ஆகியவற்றை டிஜிட்டல் ரூபா காணாது. அது காண்பது மரக்கறி வாங்கியவளை, சங்கச் சந்தா கட்டியவனை, கோயிலிலோ பள்ளிவாசலிலோ காசு போட்டவனை. வெளிச்சம் மேல்மாடியில் விழ வேண்டும் என்றுதான் நாம் கேட்டோம். இவ்விளக்கோ குடிசைக்குள்ளே திருப்பி வைக்கப்பட்டுள்ளது.

இன்று தனியார் வங்கிகளும் அட்டைக் கம்பனிகளும் நம் செலவுகளை அறிந்தே இலாபம் ஈட்டுகின்றன என்பதும் உண்மை. இலாப நோக்கற்ற பொது நாணயம் ஒன்று, தரகுக் கட்டணமின்றி, கணக்கு வைத்திருக்க வசதியற்றோருக்கும் உதவுமாயின் அது வரவேற்கத்தக்கது. கருவியை வெறுப்பது முற்போக்காளருக்கு அழகன்று. 2022இல் எரிபொருள் வரிசைகள் ஊரைச் சுற்றி நீண்டபோது, கியூ.ஆர். குறியீட்டுடன் வந்த தேசிய எரிபொருள் அனுமதி முறை மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் எனப் பங்கிட்டது. செல்வாக்குள்ளவனும் இல்லாதவனும் ஒரே அளவு பெற்றனர், வரிசையும் குறைந்தது. கட்டுப்பாடு நன்மை செய்த வேளை அது. தட்டுப்பாடு நீங்கியதும் 2023 செப்டம்பரில் அதனை நிறுத்திவிட்டனர் என்பதும் கவனிக்கத்தக்கது. பணத்தின் மீது வைக்கப்படும் கட்டுப்பாட்டுக்கு அவ்வாறு முடிவு தேதி இருக்குமா?

அட்டையில்லாதவரும் மின்சாரமில்லாத நாளும்

டிஜிட்டல் நாணயத்தின் வாசலில் அடையாளம் கேட்கப்படும். இந்நாட்டில் அடையாளம் மறுக்கப்பட்ட வரலாறு நெடியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. அக்குறை சட்டத்தளவில் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் தேசிய அடையாள அட்டை பெற இயலாது அலைந்தோர் தோட்டங்களிலும் யுத்தப் பிரதேசங்களிலும் எத்தனையோ பேர். அட்டை இல்லாத காலத்தில் சோதனைச் சாவடியில் அவர்கள் தடுக்கப்பட்டனர், கடைவாசலில் தடுக்கப்படவில்லை. கையிலிருந்த காசு அவர்களுக்காகப் பேசியது.

மின்சாரத்தையும் மறந்துவிடலாகாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. ஏப்ரல் 3ஆம் தேதி மக்கள் திரளாதிருக்கச் சமூக ஊடகங்களை முடக்கினர். வலையமைப்பை ஒரு கட்டளையால் நிறுத்தக்கூடிய நாட்டில், பணத்தையும் அவ்வலையமைப்பின் மேல் மட்டுமே நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்?

சட்டம் எங்கே?

நம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை வெளிப்படையாகக் கூறப்படவில்லை. இந்திய உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 2017 ஆகஸ்டில் அவ்வுரிமையை அடிப்படை உரிமையென ஏற்றனர். நமக்கு அத்தகைய கவசம் இல்லை. 1980இல் நாம் ஏற்றுக்கொண்ட குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை, ஒருவரின் அந்தரங்கத்தில் எதேச்சையாகத் தலையிடுவதைத் தன் 17ஆம் உறுப்புரையில் தடுக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துள்ளது. ஆனால் தேசியப் பாதுகாப்பு என்ற கதவு அதில் திறந்தே உள்ளது. அக்கதவின் வழியே என்னென்ன நுழைந்தன என்பதைப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் வரலாறு சொல்லும். 1979இல் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயரோடு வந்த சட்டம் அது.

ஆதலின், டிஜிட்டல் ரூபா பற்றிய பேச்சு எழும்போது நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. தாளும் சில்லறையும் சட்டபூர்வ நாணயமாகத் தொடர்ந்து இருத்தல் வேண்டும்; அவற்றை ஏற்க மறுக்கும் உரிமை எந்த அலுவலகத்திற்கும் கடைக்கும் இருத்தலாகாது. சிறு தொகைக் கொடுக்கல் வாங்கல் பெயர் பதியாமல் நடத்தற்கு வழி வேண்டும். அஃது இயலாத செயலன்று. கொடுத்தவர் யாரென அறியாமலே மின்பணத்தின் உண்மையைச் சோதிக்கும் கணித முறையை டேவிட் சோம் என்னும் அறிஞர் 1980களின் தொடக்கத்திலேயே முன்வைத்தார். எவர் பணத்தையும் முடக்குவதற்கு நீதிமன்ற ஆணை முன்னதாக வேண்டும். முடக்கப்பட்டவரின் உணவுக்கும் மருந்துக்கும் உரிய தொகையைத் தொடலாகாது. மக்களின் கூலியிலும் நிவாரணத்திலும் காலாவதித் தேதியோ பொருள் நிபந்தனையோ எழுதலாகாது. கண்காணிக்கும் பிரிவு காசை வெளியிடும் நிறுவனத்திலிருந்து பிரிக்கப்பட்டு, பாராளுமன்றத்திற்குப் பொறுப்புக் கூறவேண்டும். இவையனைத்தும் நாணயம் வெளியாகுமுன் சட்டமாதல் வேண்டும். பட்டியல் எழுதப்பட்ட பின்னர் அதனைக் காப்பதாக அளிக்கப்படும் வாக்குறுதியின் விலையை இந்நகரம் ஒருமுறை அறிந்துவிட்டது.

வகுப்பறையிலே பணத்தின் வரலாற்றைக் கற்பிக்கும்போது பண்டமாற்று, உலோகம், தாள், கணினி என்று ஒரு முன்னேற்ற ஏணியாகவே அதனைக் காட்டி வருகிறோம். ஏணியின் ஒவ்வொரு படியிலும் யார் ஏறினார், யார் மிதிபட்டார் என்பதையும் மாணவர்க்குச் சொல்லுதல் நம் கடமை. வேகந்தை ஆலையின் வில்லை, தோட்டத்து அரைப் பேர், உணவு முத்திரை, வர்த்தமானிப் பட்டியல் ஆகிய நான்கையும் அருகருகே வைத்துக் காட்டினால் அவர்களே மற்றதை விளங்கிக்கொள்வர். உழைத்துப் பெற்ற காசு உழைத்தவனுடையது. அதில் எவர் பெயரை எழுதுவது, எழுதிய பெயரை எவர் படிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மக்களுக்கே உண்டு. கேட்டாலன்றி அவ்வுரிமை தானாக வந்து சேராது.